கரை ஒதுங்கும் பொட்டலமும் கண்ணில் மாட்டும் கருவியும்



பதின்பருவப் பிள்ளைகளுக்கு மதுவைப் பற்றியும் போதைப்பொருளைப் பற்றியும் எப்படிக் கற்பிப்பது, அதில் வி.ஆர். என்று சொல்லப்படும் மெய்நிகர்த் தொழில்நுட்பம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதை இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். கருவிக்கு வருவதற்கு முன்னால் நம்மைச் சுற்றியிருக்கும் கடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்குப் போதைப்பொருள் வரும் வழி மற்ற ஊர்களைப் போன்றதல்ல.

2024 நவம்பர் 23ஆம் தேதி கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று பாரன் தீவுப் பக்கம் வழக்கமான ரோந்தில் இருந்தது. நாட்டிலேயே உயிருள்ள ஒரே எரிமலை இருக்கும் அந்தத் தீவின் அருகே ஒரு மீன்பிடிப் படகு நடமாடிய விதம் விமானிக்குச் சந்தேகத்தைத் தந்தது. படகை மடக்கிச் சோதித்தபோது உள்ளே மியான்மரைச் சேர்ந்த ஆறு பேர். இரண்டு இரண்டு கிலோவாகக் கட்டிய பொட்டலங்கள் ஏறத்தாழ 3,000. சுமார் 6,000 கிலோ மெத்தம்பெட்டமைன். கடலோரக் காவல்படை அதுவரை பிடித்ததில் மிகப் பெரிய போதைச் சரக்கு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை பங்கு போட்டால் தலைக்குப் பதினைந்து கிராமுக்கு மேல் வரும். ஒரு கிராமின் சிறு பகுதியே ஒருவரைப் போதையில் தள்ளப் போதுமான பொருள் அது.

அந்தச் சரக்கு நமக்காக வந்ததல்ல. மியான்மரின் ஷான் மாநிலத்தில் காய்ச்சப்படும் மெத்தம்பெட்டமைன் தரைவழியாகவும் கடல்வழியாகவும் பல நாடுகளுக்குப் போகிறது. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 236 டன் பிடிபட்டதாக ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் கணக்குச் சொல்கிறது. நம் தீவுக்கூட்டம் அந்தப் பாதையின் ஓரத்தில் கிடக்கிறது. 2019 செப்டம்பரில் கார் நிக்கோபார் அருகே இன்னொரு மியான்மர் படகில் 1,160 கிலோ கெட்டமைன் பிடிபட்டது. ஆனால் கடலில் போகும் எல்லாமும் சேர வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்வதில்லை. துரத்தல் வந்தால் மூட்டைகள் கடலில் வீசப்படுகின்றன. படகு மூழ்கினாலும் மூட்டை மிதக்கிறது. தேயிலைப் பாக்கெட் மாதிரி, சீன எழுத்து அச்சிட்ட உறைகள் நம் கரைகளில் ஒதுங்கின. எடுத்து வைத்தவர்கள், விற்றவர்கள், மெயின்லேண்டுக்குக் கடத்தியவர்கள் என்று கைதுகள் நடந்தன. கேரளத்தில் பிடிபட்ட சிறு அளவுப் போதைப்பொருளின் நூலைப் பிடித்துக்கொண்டு அந்த மாநிலக் கலால் துறையினர் இங்கே வரை வந்தார்கள்.

கடல் கொண்டுவந்து போட்டதற்கு நம் தீவு கொடுத்த விலை இன்னும் பழையது. 2008 டிசம்பரில் சின்ன அந்தமானின் டூகாங் க்ரீக் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் கேன் கரை ஒதுங்கியது. உள்ளே இருந்த திரவத்தை மது என்று நினைத்து ஓங்கே மக்கள் குடித்தார்கள். குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். பதினைந்து பேர் வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அன்று அந்த இனத்தின் மொத்த எண்ணிக்கையே நூறை ஒட்டித்தான் இருந்தது. ஒரு கேன். ஓர் இனத்தில் பன்னிரண்டில் ஒருவர் போய்விட்டார். சுனாமியில் கடல் பின்வாங்கியதைப் பார்த்ததும் மேட்டுக்கு ஓடித் தப்பிய மக்கள் அவர்கள். கடலின் ஒவ்வொரு அசைவும் அவர்களுக்குப் பாடம். ஆனால் அந்தக் கேனைப் பற்றி அவர்களிடம் எந்தப் பாடமும் இருந்திருக்க வழியில்லை. மதுவை அவர்களுக்குப் பழக்கப்படுத்தியது நம்மைப் போன்ற வெளியாட்கள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெல்லியிலோ சென்னையிலோ தயாரான ஒரு விழிப்புணர்வுப் படத்தை இங்கே கொண்டுவந்து ஓட்டினால், அதில் இருட்டுச் சந்தில் தொப்பி போட்ட ஒருவன் ஒரு பையனுக்குப் பொட்டலம் கொடுப்பான். ரங்கத்திலும் மாயாபந்தரிலும் வளரும் பிள்ளைக்கு அந்தச் சந்து கிடையாது. அவனுக்கு இருப்பது அலை ஒதுக்கிய கட்டைகளுக்கு நடுவே செருகிக் கிடக்கும் ஒரு மஞ்சள் உறை. அதைப் பார்க்கும்போது அவனுடன் யாரும் இல்லை. அல்லது அவனுடைய மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து அதிகம்.

நாம் இதுவரை பள்ளிகளில் செய்துவருவது எல்லோருக்கும் தெரியும். போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26ஆம் தேதி வரும். பேரணி போகும். சுவரொட்டிப் போட்டி, உறுதிமொழி, ஒரு காவல் அதிகாரியின் உரை, கருகிப்போன நுரையீரலின் படம். சில இடங்களில் குடியை விட்டவர் ஒருவரை மேடையேற்றித் தன் கதையைச் சொல்ல வைப்பார்கள். பிள்ளைகள் உருகிக் கேட்பார்கள். இதையெல்லாம் நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் இதில் எது வேலை செய்கிறது, எது செய்வதில்லை என்பதை உலகம் ஓரளவு அளந்து பார்த்துவிட்டது. அந்த அளவீடு நமக்குச் சாதகமாக இல்லை.

1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறை 'டேர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சீருடை அணிந்த காவலரே வகுப்புக்கு வந்து போதையின் தீமைகளைச் சொல்லிக்கொடுப்பார். அமெரிக்கா முழுவதும் பரவி, வெளிநாடுகளுக்கும் போனது. பிறகு ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளைப் பத்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்துக் கேட்ட ஆய்வு 1999இல் வந்தது. வகுப்பில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அலுவலகமும் சேர்ந்து வெளியிட்ட தடுப்புக்கான சர்வதேசத் தர அளவுகளும் இதையே சொல்கின்றன: தகவலை மட்டும் கொடுப்பது போதாது, பயமுறுத்துவது பலிக்காது, மீண்டவரின் சாட்சியத்தைப் பள்ளியில் வைப்பதும் தடுப்பாக வேலை செய்வதில்லை. பிள்ளைகள் தாங்களே பங்கெடுத்து, ஒரு நெருக்கடியைச் சமாளிக்கும் திறனைப் பயின்றால் பலன் உண்டு.

பயம் நிற்காது என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் விஷச்சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தமிழ்நாட்டில் அந்தச் செய்தி போய்ச் சேராத தெரு இல்லை. ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபத்தைந்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களுக்கு ஆபத்து தெரியாது என்று நினைக்கிறீர்களா? தெரிந்திருக்கும். தெரிந்ததற்கும் அந்த நேரத்தில் கை நீளாமல் இருப்பதற்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய வேலை அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

பதின்பருவத்தைப் பற்றி ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெவ்வேறு வயதினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்பதே கணக்கு. தனியாக ஆடும்போது பதின்பருவத்தினர் பெரியவர்களைவிட அப்படியொன்றும் துணிச்சல்காரர்களாக இல்லை. வயதொத்த இருவரைப் பக்கத்தில் நிற்க வைத்ததும் அவர்களுடைய துணிச்சல் வெகுவாக ஏறியது. வயதுவந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. வகுப்பில் தனியாகக் கேள்வி கேட்டால் பிள்ளை சரியான பதிலைச் சொல்லிவிடுவான். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவான். அந்தப் பதில் அவனிடமிருந்து நழுவுவது நண்பர்களின் கண் எதிரில். அப்படியானால் பயிற்சியும் நண்பர்களின் கண் எதிரிலேயே நடக்க வேண்டும்.

இங்கேதான் வி.ஆர். வருகிறது. அதைப் போட்டுப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அரைக் கிலோ எடையுள்ள ஒரு மூடிய கண்ணாடி. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. அவ்வளவுதான் பொறியியல். ஆனால் உடம்பு அதை நம்புகிறது. ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி செய்து காட்டுவது ஒன்று உண்டு: தரையில் நிற்பவருக்கு, ஆழமான பள்ளத்தின் மேல் ஒரு பலகையில் நிற்பது போன்ற காட்சியைக் காட்டுவார்கள். காலடியில் சிமென்ட் தரை இருப்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் முழங்கால் மடங்கும், உள்ளங்கை வேர்க்கும், பலகையை விட்டு அடி எடுத்து வைக்கச் சொன்னால் பலரால் முடியாது. அறிவு ஒன்றைச் சொல்ல, உடம்பு வேறொன்றைச் செய்கிற அந்த நிலையைப் பாதுகாப்பான அறைக்குள் உண்டாக்க முடிகிறது என்பதுதான் இதன் மதிப்பு.

இதைப் போதைத் தடுப்புக்குப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தினர் 'பிளர்டு மைண்ட்ஸ்' என்ற பள்ளித் திட்டத்தில் ஒரு வீட்டு விருந்தை வி.ஆர். காட்சியாகச் செய்தார்கள். மாணவர் அந்த விருந்துக்குள் போகிறார், கோப்பையை நீட்டுகிறார்கள், வாங்குவதா, வேண்டாம் என்பதா என்று அவரே முடிவெடுக்கிறார், முடிவுக்கு ஏற்ப விருந்து மாறுகிறது. அந்த வழியைப் பின்பற்றி டென்மார்க்கில் தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்தினர் 'வி.ஆர். ஃபெஸ்ட்லேப்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்த அம்சம், கதையைப் பேராசிரியர்கள் மட்டும் எழுதவில்லை என்பது. இளைஞர்களை உட்காரவைத்து, உங்கள் விருந்தில் உண்மையில் என்ன நடக்கும் என்று கேட்டு, அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதினார்கள். 360 பாகைக் காணொளியில் நடித்ததும் இளைஞர்களே. எந்த மாணவனும், "இப்படியெல்லாம் யாரும் பேசமாட்டாங்க" என்று சிரித்துக் கருவியைக் கழற்றிவிடாமல் இருக்க அதுதான் வழி.

கருவி விற்க வருபவர்கள் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடியை ஒருமுறை மாட்டினாலே மறுக்கும் திறன் கூடிவிடும் என்று இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள், பார்த்த பிறகு அதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில்தான் கற்றல் தொடங்குகிறது. ஆகவே பத்து நிமிடக் காட்சிக்குப் பிறகு ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு இந்தக் கருவியை வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் போர்ட்னிக் என்ற ஆய்வாளர், ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களை மெய்நிகர் மதுக்கூடத்துக்குள் அனுப்பிப் பார்த்தார். கோப்பையையும் சிகரெட்டையும் பார்த்த மாத்திரத்தில் ஏக்கம் கிளம்பியது. சிகிச்சை அறையில் அது பயனுள்ள செய்தி. மருத்துவர் பக்கத்தில் இருந்து அந்த ஏக்கத்தைத் தாங்கப் பழக்கலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் அதே காட்சியை ஓட்டினால்? ரகசியமாகக் குடிக்கத் தொடங்கிவிட்ட இரண்டு பிள்ளைகள் அங்கே இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் பாடம் நடத்தவில்லை, ஆசையைத் தூண்டுகிறோம். அதனால் போதையின் கிறக்கத்தை, வண்ண வெளிச்சத்தை, மிதப்பதைக் காட்டும் காட்சிகள் எதுவுமே பள்ளிக்குள் வரக் கூடாது. சில நாடுகளில் 'குடிகாரக் கண்ணாடி' என்று ஒன்றை மாட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கோட்டின் மேல் நடக்கச் சொல்வார்கள். ஒருவன் தடுமாறுவான், வகுப்பே சிரிக்கும். குடித்தால் வேடிக்கையாக இருக்கும் என்பதைத்தான் அன்று அவர்கள் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அப்படியானால் நம் காட்சியில் என்ன இருக்க வேண்டும்? மூன்று இடங்களைச் சொல்கிறேன். இவை டென்மார்க்கில் கிடைக்காத இடங்கள்.

மாலை டியூஷன் முடிந்து கடற்கரைக்குப் போகும் நான்கு பையன்கள். தண்ணீர் வற்றியிருக்கிறது. கட்டைகளுக்கு நடுவில் அந்த மஞ்சள் உறை. ஒருவன் காலால் தள்ளுகிறான். "தொறந்து பாக்கலாம்டா" என்கிறான். இன்னொருவன், "அரே யார், இதுக்கு லட்சக்கணக்குல தருவாங்க" என்கிறான். மூன்றாவது ஆள், "போலீஸ்ல சொன்னா நம்மளத்தான் புடிச்சு உள்ள வைப்பாங்க" என்கிறான். மூவரும் திரும்பிப் பார்ப்பது உங்களை. நீங்கள் "தொடாதீங்கடா" என்று சொல்லலாம். சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் காட்சியின் உயிர். யாரும் உடனே பாராட்ட மாட்டார்கள். ஒருவன் உச்சுக்கொட்டுவான். ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பத்து விநாடி மௌனம். வாயால் வேண்டாம் என்பது எளிது. அந்தப் பத்து விநாடியைத் தாங்குவதே கடினம். காகிதத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. மெய்நிகர்க் காட்சியில் அந்த மௌனத்துக்குள் பிள்ளையை நிற்க வைக்க முடியும். முதல் தடவை பேச்சை மாற்றிவிடுவான். மூன்றாம் தடவை நிற்பான். பிறகு அடுத்து என்ன என்ற கேள்வி வரும்: யாரிடம் சொல்வது, எப்படிச் சொன்னால் நம்மேல் வழக்கு வராது. போதைப்பொருள் தகவலுக்கென்றே 1933 என்ற எண் இருக்கிறது. அந்த அழைப்பையும் காட்சிக்குள்ளேயே அவன் செய்து பழக வேண்டும்.

இரண்டாவது காட்சி ஒரு கல்யாண வீட்டுப் பின்கட்டு. பந்தி ஓய்ந்திருக்கிறது. மாமா ஒருவர் பிளாஸ்டிக் டம்ளரில் பீரை ஊற்றி நீட்டுகிறார். "ஆம்பளப் பையன்தானே, ஒரு மடக்குக் குடிச்சா ஒண்ணும் ஆகாது, அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." நண்பனை 'போடா' என்று சொல்லிவிடலாம். மாமாவை அப்படிச் சொல்ல முடியாது. நம் வீடுகளில் பெரியவர் நீட்டியதை வாங்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்றே வளர்த்திருக்கிறோம். பணிவு கெடாமல், குரல் உயராமல், ஆனால் டம்ளரைத் தொடாமல், "வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்வது எப்படி? மேலைநாட்டுக் காட்சிகளில் இந்தச் சிக்கலே இருக்காது, ஏனென்றால் அந்த விருந்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வயதினர். இந்தக் காட்சியைப் பெற்றோரும் மாட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் பிள்ளையின் உயரத்தில் இருந்து, அந்த டம்ளரை அண்ணாந்து. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவின்படி, மருத்துவர் ஆலோசனையின்றிக் குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பது எத்தனை மாமாக்களுக்குத் தெரியும்?

மூன்றாவது காட்சி ஒரு பெண் பிள்ளைக்கானது. போதை பற்றிய எல்லாப் படமும் பையன்களைச் சுற்றியே எடுக்கப்படுவது ஒரு குறை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் படிக்கப் போகிறாள். விடுதி அறை, நாளைக்குத் தேர்வு, அறைத்தோழி ஒரு மாத்திரையைத் தருகிறாள்: "இதப் போட்டா தூக்கமே வராதுடி, விடிய விடியப் படிக்கலாம்." பக்கத்தில் அம்மா இல்லை, தெரிந்த முகம் இல்லை, ஊர் கடலுக்கு அப்பால். நம் தீவுப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் ஒரே நாளில் தனியாகிறார்கள். அந்த நாளுக்கு முன்பே, இங்கே, நம் கண்முன் அவள் இதைப் பழகிவிட்டுப் போகட்டும்.

எந்த மொழியில் எடுப்பது என்ற கேள்வி உடனே வரும். 2011 கணக்கில் இங்கே வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேருக்கு மேல், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரி, மலையாளம் தலா 7க்கு மேல். மைதானத்தில் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் பேசிக்கொள்வது நம் தீவு இந்தியில். வீட்டுக்குள் வந்ததும் அவரவர் மொழி. நண்பர்கள் காட்சி தீவு இந்தியிலும், மாமா காட்சி அந்தந்த வீட்டு மொழியிலும் இருக்க வேண்டும். மாமாவிடம் இந்தியில் மறுத்துப் பழகிய தமிழ்ப் பிள்ளை கல்யாண வீட்டில் வாயடைத்து நிற்பான்.

கருவியின் நடைமுறைக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை வந்ததிலிருந்து இணையம் முன்னேறியிருக்கிறது. ஆனால் இந்தக் காட்சிகளைக் கருவியிலேயே ஏற்றிவிடலாம் என்பதால் இணையமே இல்லாத தீவிலும் ஓடும். கேம்ப்பெல் பே வரை ஒரு பெட்டியில் எடுத்துப் போகலாம். இங்கே எதிரி ஈரம். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊரில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், முகத்தில் படும் பஞ்சு நாறும். காற்றுப்புகாத பெட்டி, ஈரமுறிஞ்சிப் பொட்டலம், ஒவ்வொரு பிள்ளைக்கும் மாற்று உறை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் வாங்கினால் முதல் மழைக்காலத்திலேயே கருவி அலமாரிக்குப் போய்விடும். சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு மாட்டக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் எந்தக் காட்சியும் நீள வேண்டியதில்லை.

கருவிக்கே வழியில்லாத பள்ளி என்ன செய்யும்? அதே மூன்று கதைகளை நாடகமாகப் போடலாம். பிரேசிலின் அகஸ்டோ போவால், பார்வையாளரில் ஒருவரை எழுப்பி மேடைக்கு அழைத்து, 'இந்த இடத்தில் நீ என்ன செய்வாய், செய்து காட்டு' என்று கேட்கும் நாடக முறையை வளர்த்தார். வி.ஆர். செய்வது அதைத்தான். நம் பிள்ளைகளில் கூச்சம் உள்ளவர்கள் அதிகம் என்பதால், மேடையில் ஏறத் தயங்குபவன் கண்ணாடிக்குள் தைரியமாகப் பேசுவான் என்பது கருவியின் கூடுதல் வசதி. கதை நன்றாக இருந்தால் இரண்டு வழியிலும் வேலை செய்யும். கதை மட்டமாக இருந்தால் விலை உயர்ந்த கருவியும் காப்பாற்றாது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தக் கருவி பிள்ளை எங்கே பார்த்தான், எதைத் தேர்ந்தெடுத்தான் என்பதையெல்லாம் பதிவுசெய்யக்கூடியது. எந்தப் பிள்ளை காட்சிக்குள் டம்ளரை வாங்கினான் என்ற விவரம் தலைமையாசிரியருக்கோ காவல்துறைக்கோ கருவியை விற்ற நிறுவனத்துக்கோ போகவே கூடாது. போகிறது என்று ஒரே ஒரு வதந்தி கிளம்பினால் போதும், அடுத்த நாளிலிருந்து எல்லாப் பிள்ளையும் நல்ல பிள்ளையாக நடிக்கத் தொடங்கிவிடுவான். பிழை செய்ய இடம் இல்லாத இடத்தில் பயிற்சி நடக்காது.

கருவியைக் கழற்றிய பிறகு பிள்ளை திரும்பி வருவது நம் தெருவுக்குத்தான். தமிழ்நாட்டுக்கு டாஸ்மாக் போல நமக்கு அனிட்கோ. அரசு நிறுவனமே மது விற்கும் கடையைத் தாண்டித்தான் பிள்ளை பள்ளிக்குப் போகிறான். வருமானத்துக்குக் கடையையும் விழிப்புணர்வுக்குக் கருவியையும் ஒரே கை வைத்திருப்பது எனக்கு வேதனையான செய்தி. அதை இந்த மேடையில் சொல்லாமல் போனால் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். ஐஸ்லாந்து நம்மைப் போல் மூன்று நான்கு லட்சம் பேர் வாழும் தீவு. 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதினரில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடிபோதையில் இருந்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 ஆனது. அவர்கள் கருவி எதையும் வாங்கவில்லை. மாலை நேரத்தில் விளையாட்டும் இசையும் கற்க ஒவ்வொரு பிள்ளைக்கும் நகராட்சி பணம் கொடுத்தது, பெற்றோர் கூடிப் பேசினார்கள், இரவில் பிள்ளைகள் வெளியே திரியும் நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள். டிக்லிபூரில் மாலை ஐந்து மணிக்கு மேல் பதினாறு வயதுப் பையன் போக ஓர் இடம் இருக்கிறதா? வி.ஆர். பெட்டிக்கு முன்னால் ஒரு கால்பந்து மைதானத்துக்கு விளக்குப் போட முடியுமானால் அதை முதலில் செய்யுங்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் குடிநோயில் கணவரை இழந்த பிறகு, 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கி, குடியடிமைத்தனம் சிகிச்சைக்குரிய நோய் என்பதையும் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும் என்பதையும் தமிழ்நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். அதற்கு முன் அது வெறும் ஒழுக்கக்கேடாகவே பார்க்கப்பட்டது. நம் பள்ளிகளில் இன்னும் அப்படித்தான் பார்க்கிறோம். பிடிபட்ட பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பள்ளியை விட்டு வெளியே போன பிள்ளை எந்தக் கரையில் ஒதுங்குவான் என்று யாரும் கேட்பதில்லை. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமைக்குச் சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சட்டம் காட்டும் கருணையைப் பள்ளியும் காட்டலாம். உதவிக்கு 14446 என்ற தேசிய எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. அவற்றைக் கழிவறைச் சுவரில் எழுதி வையுங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் எழுதினால் பார்க்க வேண்டிய பிள்ளை அங்கே வரமாட்டான்.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த ஆண்டு வட்டித் தொகையில் கருவி எதுவும் வாங்க வேண்டாம். முதலில் மூன்று கதைகளையும் எழுதி முடிப்போம். தெற்கு அந்தமான், வடக்கு-மத்திய அந்தமான், நிக்கோபார் மூன்று மாவட்டங்களிலிருந்தும் பள்ளிக்கு மூன்று மாணவர்களை அழையுங்கள். கப்பல் கட்டணமும் தங்கும் செலவும் அறக்கட்டளையுடையதாக இருக்கட்டும். ஒரு மருத்துவர், ஒரு நாடகக்காரர், ஓர் ஆசிரியர் உடன் உட்காரட்டும். ஆனால் பேனா பிள்ளைகளிடம் இருக்கட்டும். அந்த மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியர்கள் வழக்கம்போல் முதல் மதிப்பெண் வாங்குபவர்களையே அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒருவராவது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அடங்காதவன் என்று பெயர் வாங்கிய பிள்ளையாக இருக்க வேண்டும். அந்தக் கடற்கரையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.